தலைவருக்குப் பின்னால் கழுதைப்புலி

கழுதைப்புலி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அதை வசவாகத்தான் வைத்தார். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார், அது ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் நேராகவே கூப்பிட்டார்கள். அவள் எரிந்து விழுவாள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்கும் அளவுக்கு அவள் புதுப் பெயருக்குப் பழகிவிட்டாள்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் அவள் வாழ்க்கையில் பாதியைச் சொல்லியாயிற்று. மீதிப் பாதி அவள் வரைந்த விலங்குப் படங்கள். அவை இப்போது பழைய படக் கடைகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன.

அவள் அண்ணன் ஒரு கல்லச்சுக் கூடத்தில் கல் அரைக்கிறவர். கல்லச்சு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த கறுப்புக் குச்சியால் படம் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரம் நிற்கும் இடத்தில் மை ஒட்டாது, கொழுப்பு பட்ட இடத்தில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். பிரதிகள் எடுத்து முடிந்ததும் அந்தக் கல்லைத் தூக்கிப் போடமாட்டார்கள். மணலும் தண்ணீரும் விட்டு, மேலே இன்னொரு கல்லைக் கவிழ்த்து, சுற்றிச் சுற்றி அரைத்துப் பழைய படத்தை அழிப்பார்கள். நேற்று மருந்து பாட்டில் படம் இருந்த கல்லில் நாளைக்குச் சோப்புக் கட்டிப் படம் ஏறும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கும். கண்ணுக்குப் படம் மறைந்துவிட்டதே என்று அரைப்பை நிறுத்தினால் வந்தது வினை. புதுப் படம் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே, அடியில் கிடந்த பழைய படம் கொஞ்சம் கொஞ்சமாக மை வாங்கி மேலே எழும்பும். அதற்குக் கூடத்தில் பேய் என்று பெயர். அதனால்தான் அண்ணன் அரைத்து முடித்த ஒவ்வொரு கல்லையும் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். நிழல் தெரிந்தால் மறுபடியும் மணல். அவர் "போதும்" என்று சொன்ன கல்லில் பேய் எழும்பியதாகச் சரித்திரம் இல்லை.

கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவருக்குப் பார்வை மங்கிப்போக, அண்ணன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளைப் பிள்ளை. இந்த மை, அழுக்கு எல்லாம் ஒத்துவருமா?"

"மை கழுவினா போயிடும். நீங்க இப்போ கேட்டது போகாது," என்றாள்.

அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. முதலாளி சிரித்துவிட்டார், வேலையும் கொடுத்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு அவர் எத்தனையோ முறை வருத்தப்பட்டிருப்பார்.

கூடத்தின் பின்னறையில், அச்சான படங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டுகிறவள் அண்ணி. வலது கையில் தூரிகை, இடது கையில் டீக்கிளாஸ், வாயில் எப்போதும் ஒரு குத்தல். தூரிகை என்று நினைத்து டீயில் தோய்ப்பதும், டீ என்று நினைத்து வண்ணத் தண்ணீரைக் குடிப்பதும் அவளுக்கு வாடிக்கை. நாத்தனாருக்கும் அவளுக்கும் ஒரு நாள்கூடப் பேச்சில் ஒத்துப்போனதில்லை. வேலையில் ஒரு நாள்கூட ஒத்துப்போகாமல் இருந்ததும் இல்லை.

விளம்பரங்களுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் வரைந்து போரடித்தால் தங்கை கூடத்துக்குப் பின்னால் சாக்கடையோரம் உட்கார்ந்து தேரையை வரைவாள். சுவரில் பல்லி வாலை இழந்து நின்றால் வாலில்லாமலே வரைவாள். ஒரு விதி மட்டும் வைத்திருந்தாள்: உயிரோடு பார்க்காத எதையும் வரையமாட்டாள். "செத்ததைப் பார்த்து வரையறதுக்கு எனக்குக் கண்ணு எதுக்கு?" என்பாள். அந்த வாய்க்கு வேலை வைக்கத்தான் வேட்டைச் சங்கம் வந்தது.

சங்கத்தின் தலைவர் பெரிய மனிதர். குரலும் பெரிது, மீசையும் பெரிது, வீட்டில் மாட்டியிருந்த தலைகளின் கூட்டமும் பெரிது. பாடம் செய்த தலைகள் எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். மானுக்குக்கூட. அது யாரைக் கடிக்கப் போகிறதோ, அவருக்கே வெளிச்சம். இந்தப் பக்கத்துக் காட்டு விலங்குகள் எல்லாவற்றையும் வண்ணப் படங்களாக ஒரு பெரிய புத்தகத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. முதலாளிக்கு அதைவிடப் பெரிய வேலை அதுவரை வந்ததில்லை.

அவள் பையை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனாள். புதருக்குள் கிடந்தாள், ஓடைப் பள்ளத்தில் கிடந்தாள், முள் கிழித்த கையோடு வந்து கல்லில் வரைந்தாள். பன்றி சேற்றில் முதுகைத் தேய்த்தது. முள்ளம்பன்றி தூங்கியது. சிறுத்தை பின்னங்காலைத் தூக்கித் தொடையை நக்கியது.

"என்னம்மா, சிறுத்தை பூனை மாதிரி இருக்கு?" என்றார் தலைவர்.

"சிறுத்தை பூனைதாங்க. நீங்க பார்த்த உடனே சுட்டுடுறீங்க. அப்புறம் எப்படித் தெரியும்?"

முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். முதலாளிக்கு அன்றைக்கு நல்ல நேரம்; தலைவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பொறுத்ததெல்லாம் கழுதைப்புலி வரைக்கும்தான்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல் குவாரி ஒன்று இருந்தது. அதன் சரிவில், பாறை இடுக்கில், ஒரு கழுதைப்புலி குட்டி போட்டிருந்தது. அவள் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் நாட்களாகப் பார்த்துப் போய் உட்காருவாள். தாய்க்கு இடது காது கிழிந்து தொங்கும். செத்த மாடுகளைக் கொட்டும் மேட்டிலிருந்து எலும்பை இழுத்து வரும். வந்ததும் பாறை நிழலில் சரிந்து படுத்துக்கொள்ளும். இரண்டு குட்டிகளும் அடித்துப் பிடித்து மடியில் முட்டும். ஒரு குட்டி குடித்தபடியே தூங்கிவிடும், மற்றது அதன் தலைமேல் ஏறும். தாய் அவள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு பிராணி என்று முடிவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளும். அவ்வளவு அசிங்கமான மிருகத்தை அவ்வளவு அழகாகத் தான் பார்த்ததே இல்லை என்று அவள் அண்ணியிடம் சொன்னாள். அந்தக் காட்சியை அப்படியே கல்லில் வரைந்தாள். அவள் படங்களிலேயே அதுதான் சிறந்தது என்று அண்ணியே சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லிலிருந்து ஒரே ஒரு சோதனைப் பிரதி எடுத்துத் தலைவரிடம் காட்டினார்கள். கீழே தலைப்பு: 'கழுதைப்புலியும் அதன் குட்டிகளும்'. தலைவர் அப்போதுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், கழுதைப்புலி குழந்தைகளைத் தூக்குகிறது, சங்கம் வேட்டைக்குப் புறப்படுகிறது, எல்லாரும் ஆதரவு தரவேண்டும் என்று.

"எந்தக் குழந்தையைத் தூக்கிச்சு? யாரு வீட்டுக் குழந்தை?" என்று கேட்டாள் அவள்.

"உன்னை விசாரணை பண்ணச் சொல்லலை. வாயைத் திறந்து பல்லு தெரியற மாதிரி வரை. பல்லுல ரத்தம் இருக்கட்டும். குட்டியெல்லாம் வேண்டாம்."

"பல்லு தெரியற மாதிரி நான் பார்க்கலை."

"பார்க்கலைன்னா என்ன, வரையத் தெரியாதா?"

"தெரியும். மாட்டேன்."

தலைவர் அந்தப் பிரதியை இரண்டாகக் கிழித்து மேஜைமேல் வைத்தார். முதலாளி திரும்பி வரும் வழியெல்லாம் பேசினார். ஊரோடு ஒத்து வாழணும், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவருக்குத் தெரிந்த பழமொழிகளையெல்லாம் இறக்கி வைத்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

அடுத்த வாரம் முதலாளி அவளைச் சங்கத்துக்கு அனுப்பினார். கழுதைப்புலிப் படம் புத்தகத்தில் கிடையாது. அதற்குப் பதிலாக முகப்பில் தலைவரின் படம், வேட்டைக் கோலத்தில், துப்பாக்கியோடு. அவள் முற்றத்துக்குள் நுழைந்தபோது அவர் தயாராக நின்றிருந்தார். அவருடைய காலணிக்கு அடியில் கழுதைப்புலி கிடந்தது. இடது காது கிழிந்திருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. வாய் திறந்து நிற்பதற்காக உள்ளே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"இப்போ பல்லு தெரியுது பாரு," என்றார் தலைவர். "குச்சியை மட்டும் விட்டுட்டு வரை."

அவளுக்கு அந்த மனிதர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. செத்ததை வரைவதில்லை என்ற தன் விதியை அன்றைக்குத்தான் மீறினாள். மீறி, காகிதத்தில் வரைந்துகொண்டாள். அங்கிருந்து நேராகக் குவாரிக்குப் போனாள். குட்டிகள் இல்லை. பாறை இடுக்கில் கையை விட்டுப் பார்த்தாள், கூப்பிடத் தெரியாத குரலில் கூப்பிட்டும் பார்த்தாள். பிறகு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் அச்சுக்கூடத்தில் முதலாளி அண்ணனிடம் சொன்னார்: "அந்தக் கழுதைப்புலிக் கல்லு இருக்குல்ல, அதை அரைச்சிடு. அவ்வளவு பெரிய கல்லு வேற இல்லை. தலைவர் படம் அதுலதான்."

அந்தத் தாய் உயிரோடு மிச்சமிருந்தது உலகத்தில் அந்த ஒரு கல்லில்தான். அவள் சண்டை போடுவாள் என்று முதலாளி எதிர்பார்த்தார். அதற்காக நாலு பதில்களும் யோசித்து வைத்திருந்தார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"அண்ணனுக்கு மூச்சு வாங்குது. கல்லை நானே அரைக்கிறேன்."

முதலாளிக்கு நிம்மதி. பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார். பாவம், நல்ல மனிதர்; நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

அவள் மணலைத் தூவினாள், தண்ணீர் விட்டாள், அரைத்தாள். குட்டிகள் போயின, கிழிந்த காது போயிற்று, கடைசியாகத் தாயின் கண் போயிற்று. கல் பளிச்சென்று ஆனது. அங்கே நிறுத்தினாள். அண்ணன் வழக்கம்போல வந்து கல்லை நனைத்து, அவளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் சாய்த்தார். கண்ணை இடுக்கினார். வெகு நேரம் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. அண்ணன் இருமினார்.

"போதும்," என்றார்.

தலைவரின் படத்தை அவள் அதே கல்லில் அப்பழுக்கில்லாமல் வரைந்தாள். மீசையின் ஒவ்வொரு முடியும் இருந்தது. பின்னணியில் மட்டும் ஒன்றும் வரையவில்லை. தோளுக்குப் பின்னால் வெறும் வெளி. "எடுப்பா தெரியணும்னா பின்னாடி சும்மா விடணும்," என்று விளக்கமும் சொன்னாள். சோதனைப் பிரதி கண்ணாடி மாதிரி இருந்தது. தலைவர் அதைக் கைநீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்து, தன்னைத்தானே ரசித்து, சம்மதம் சொல்லி அனுப்பினார்.

அச்சு ஓடியது. முதல் கட்டுப் பிரதிகள் சுத்தமாக வந்தன. அதற்கப்புறம் வந்தவற்றில் தோளுக்குப் பின்னால் ஒரு மங்கல். அச்சு இழுக்கிறவர்கள் அதை மைத் தூசு என்று நினைத்தார்கள். மெல்லிய தாளை இடையில் வைத்து அடுக்கிப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அண்ணி ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தாள். டீக்கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் டீக்கிளாஸைக் கீழே வைப்பதை அந்தக் கூடத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாத்தனாரைப் பார்த்து, "ஏண்டி, பின்னணிக்கு என்ன கலரு?" என்றாள்.

"உங்க இஷ்டம், அண்ணி."

அடர்த்தியான நீலத்தைப் பூசியிருந்தால் எல்லாம் மூடியிருக்கும். அண்ணி மெல்லிய மஞ்சளைக் கரைத்தாள். அந்த மஞ்சளில் பாறை நிழல் தெரிந்தது; நிழலில் சரிந்து படுத்த உடம்பு தெரிந்தது; மடியில் இரண்டு குட்டிகள் தெரிந்தன.

புத்தக வெளியீட்டுக்குச் சங்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தலைவர், ஓரமாக முதலாளி, கடைசி வரிசையில் அச்சுக்கூடத்து ஆட்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். திறந்தார்கள். பக்கங்கள் புரண்டன. அப்புறம் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் உரக்கக் கேட்டாள்:

"அம்மா, இந்த மாமா மிதிக்கிறாரே, அது இந்தக் குட்டிங்களோட அம்மாவா?"

காலடியில் செத்ததற்கும் இடது காது கிழிந்திருந்தது. பின்னால் பால் கொடுப்பதற்கும் இடது காது கிழிந்திருந்தது. மண்டபம் முழுக்க ஆட்கள் புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், "குட்டிங்க என்ன ஆச்சு?" தலைவர் ஒரு புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளி ஓடி வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குக் கிடைத்த சோறு அண்ணன்தான். "இவன்தாங்க! கல்லைச் சரியா அரைக்காம விட்டுட்டான். வயசாயிடுச்சு, கண்ணு தெரியலை. இன்னையோட சீட்டைக் கிழிச்சிடுறேன்!"

"கையை எடுங்க," என்றாள் அவள். "கல்லை அரைச்சது நான். எந்த இடத்துல நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தினேன்."

அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், முதலாளி," என்றார். "அன்னைக்கும் தெரிஞ்சுது."

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கு மூச்சிரைத்தது. "நீயெல்லாம் மனுஷியா? கழுதைப்புலி!"

"ஆமா," என்றாள் அவள். "குட்டிங்க எங்கே?"

குட்டிகளுக்கு என்ன ஆனது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை, அதை நினைத்து அவள் ஆறவும் இல்லை. வேட்டையும் நின்றுவிடவில்லை. சங்கம் அந்தப் பக்கத்தைப் புத்தகங்களிலிருந்து கிழிக்கச் சொல்லி வீடு வீடாக ஆள் அனுப்பியது. கிழித்தவர்கள் கிழித்தார்கள். கிழித்துவிட்டோம் என்று சொல்லிப் பெட்டியில் வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். தலைவர் தெருவில் போனால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து யாராவது குட்டிகளை விசாரிப்பார்கள்.

மூன்று பேருக்கும் வேலை போயிற்று. "அந்தச் சனியன் பிடிச்ச கல்லையும் தூக்கிட்டுப் போங்க," என்று முதலாளி கத்தினார். அவர் சொன்னதில் அவள் மறுபேச்சு இல்லாமல் கேட்ட முதல் உத்தரவு அதுதான். கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய கையச்சை நிறுத்தினார்கள். அண்ணன் கல் அரைத்தார், அவள் வரைந்தாள், அண்ணி வண்ணத்தையும் டீயையும் மாற்றி மாற்றிக் குடித்தாள். கொட்டாவி விடும் நரி, காது சொறியும் முயல், இறகு உதிர்ந்து மொட்டைக் கழுத்தோடு நிற்கும் கழுகு. "கொஞ்சம் கம்பீரமா வரையக்கூடாதா?" என்று வாங்க வந்தவர்கள் கேட்பார்கள். "அதுங்ககிட்ட சொல்லிப் பாருங்க," என்பாள். அண்ணன் இருமி இருமிப் போய்ச் சேர்ந்த பிறகு கல்லையும் அவளே அரைத்தாள். ஒவ்வொரு கல்லையும் நனைத்து, சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, யாரும் இல்லாத அறையில் "போதும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வாள். அந்தப் பெரிய கல்லில் மட்டும் மறுபடி ஒன்றும் வரையவில்லை.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு நாள், கடைவீதியில் பழைய படங்கள் விற்கும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படத்தைப் பார்த்தாள். தலைவர், துப்பாக்கி, மெல்லிய மஞ்சள். கீழே ஒரு அட்டை: 'வேட்டைச் சங்கத் தலைவர். ஓவியர் யாரென்று தெரியவில்லை. பின்னணியில் அச்சுப் பிழை.' அவள் உள்ளே போனாள்.

"பிழையா?" என்றாள்.

கடைக்காரர் பேச்சுப் பிரியர். "ஆமாம்மா. கல்லைச் சரியா அரைக்காம விட்டிருக்காங்க. கவனக்குறைவு. ஆனா அந்தப் பிழையாலதான் இதுக்கு மவுசே. சுத்தமா இருக்கிற பிரதியை ஒருத்தரும் சீண்டறதில்லை."

"யாரோட கவனக்குறைவு?"

"யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்து ஆளு. இப்போ செத்துப் போயிருப்பாங்க."

"இன்னும் இல்லை," என்றாள் அவள். "பேனா குடு."

கடைக்காரர் என்ன நினைத்தாரோ, கொடுத்தார். அவள் அந்த அட்டையை உருவித் திருப்பினாள். கண்ணாடி மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அச்சுக்கூடத்தில் பழகிய நல்ல கையெழுத்தில், அவசரப்படாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் சட்டத்தில் செருகி, நேராக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "போதும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கடைக்காரர் குனிந்து படித்தார்.

'கழுதைப்புலியும் அதன் குட்டிகளும். வரைந்ததும் கல் அரைத்ததும் கழுதைப்புலி. முன்னால் நிற்பவர் யாரென்று தெரியவில்லை.'